பூனைக்கும் பச்சைப் புள்ளி பார்த்தேன்

1

போன வாரம் புரோக்கர் போன் செய்தார். பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்க வேண்டும், ஆதார் நகலும் போட்டோவும் அனுப்புங்கள் என்றார். பம்பாயில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது பிறந்தநாள் மாதிரி. நாங்கள் ஊரை விட்டு வந்து எவ்வளவு காலமாயிற்று என்று யாராவது கேட்டால், போட்ட ஒப்பந்தங்களை மனதுக்குள் எண்ணித்தான் பதில் சொல்வேன். ஒவ்வொரு முறையும் விரல்ரேகை எடுக்க ஓர் ஆள் சின்ன மிஷினோடு வீட்டுக்கு வருவார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என் கட்டைவிரல் அந்த மிஷினுக்குப் பிடிபடாது. "மேடம், எண்ணெய் தடவிட்டு வாங்க" என்பார் இந்தியில். தடவிக்கொண்டு வந்தால் வழுக்கும்.

எல்லாம் சொல்லி முடித்து, வழக்கமான அந்தக் கேள்வியையும் புரோக்கர் கேட்டார். "ஃபேமிலி ப்யூர் வெஜ் ஹீ ஹை நா, மேடம்?" குடும்பம் சுத்த சைவம்தானே என்று. வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டுமாம்.

அப்போது என் கையில் மீன் படம் போட்ட ஒரு பொட்டலம் இருந்தது. பூனைத் தீனி. காலடியில் மாவு, சுவரை உரசிக்கொண்டே நடந்து வந்தாள். மாவு எங்கள் பூனை. அவளுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. நான் போட்ட சாப்பாட்டால்.

"அப்புறம் பேசுதேன்" என்று தமிழிலேயே சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

2

கல்யாணமாகி திருநெல்வேலி டவுனிலிருந்து வந்தபோது எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள், பால்காரரிடம் விரலைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு வாஷியில் வேலை. ரயில் வசதிக்காக செம்பூரில் வீடு தேடினோம். இதே புரோக்கர்தான் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி. என்ன சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். ப்யூர் வெஜ். நான் கற்றுக்கொண்ட முதல் இந்தி அதுதான். இரண்டுமே இங்கிலீஷ் வார்த்தை என்பது வேறு விஷயம்.

அதைச் சொன்னதும் முகங்கள் மாறின. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், சாமி அறைக்கு எது திசை என்று காட்டினார்கள். எங்கள் வீட்டில் தலைமுறையாக மீனோ கறியோ கிடையாது, அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. ஆனாலும் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினது போல் சந்தோஷமாக இருந்தது. ஊருக்குப் போன் செய்து, "இங்க நம்மளுக்குத்தான் மதிப்பு" என்று அம்மாவிடம் சொன்னேன்.

வீடு கிடைக்காதவர்கள் யார் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

3

மாவு வந்தது மழைக்காலத்தில். என் மகள் யாழினி கார் நிறுத்தும் இடத்திலிருந்து பள்ளிக்கூட ரெயின்கோட்டுக்குள் சுருட்டிக்கொண்டு வந்தாள். இங்கே மராத்திப் பிள்ளைகள் பூனையை 'மாவு' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்கள், அதுவே பெயராகிவிட்டது. அம்மா போனில் பேசும்போதெல்லாம், "மாவு பொங்கிருச்சாட்டி?" என்று கேட்டுச் சிரிப்பாள். யாழினிக்கு அந்தச் சிரிப்பு புரியாது. அவளுடைய தமிழ் அப்படி. பள்ளியில் எல்லோரும் 'யாலினி' என்கிறார்கள், இப்போது அவளும் தன்னை யாலினி என்றே சொல்லிக்கொள்கிறாள். இரண்டாம் வகுப்பு. தமிழில் அவள் எழுதத் தெரிந்தது அவள் பெயர் மட்டும், அதையும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாக.

பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பதில் நான் ஒரு பைத்தியம். அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. ராத்திரி ஊறப்போட்ட பாதாம், ராகிக் கூழ், முருங்கைக்கீரை அடை. சாயங்காலம் வாழைப்பழம் கொடுத்தால் சளி பிடிக்குமா என்று அம்மாவைக் கேட்பேன், டாக்டரைக் கேட்பேன், போனில் தேடுவேன். மூன்று இடத்திலும் மூன்று பதில் வரும். மூன்றையும் செய்துவிட்டு, எது தப்பு என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன்.

மாவுக்கும் அப்படித்தான் பார்த்துப் பார்த்துச் செய்தேன். முதலில் பால். வயிற்றுப்போக்கு வந்தது. பிறகு தயிர்ச்சோறு, நெய் விட்டுப் பிசைந்த பருப்புச்சோறு, இட்லி, கொஞ்சம் பன்னீர். குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் யாழினியின் பழைய எவர்சில்வர் கிண்ணம்தான் அவள் தட்டு. நம் தட்டில் இருப்பதுதானே அவளுக்கும் என்று நினைத்தேன். அவள் தயிர்ச்சோறு தின்பதை வீடியோ எடுத்து அனுப்பினால், "நம்ம வீட்டுப் பூனைல்லா" என்று அம்மா பூரித்துப்போவாள். நானும்.

சோறு மட்டும் போதாது, சத்தாக ஏதாவது வேண்டும் என்று எங்கோ படித்தேன். ஸ்டேஷன் பக்கம் இருக்கும் கடைக்குப் போனேன். பூனைத் தீனி வரிசையில் எதை எடுத்தாலும் கோழி, மீன். சைவப் பொருளுக்குப் போடும் பச்சைப் புள்ளி ஒன்றிலும் இல்லை, எல்லாவற்றிலும் அசைவத்துக்குப் போடும் அந்தப் பழுப்புக் குறி. அடுத்த வரிசையில், நாய்த் தீனியில், ஒரே ஒரு பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. காய்கறி, சோயா, தானியம். எனக்கு உயிர் வந்தது.

"மம்மா, இதுல டாக் போட்டுருக்கு" என்றாள் யாழினி.

"போட்டுருக்கட்டும். பச்சப் புள்ளி இருக்கு பாரு."

கடைக்காரரும் சொன்னார், "மேடம், யே குத்தே கா ஹை." இது நாயினுடையது என்று. "மாலூம் ஹை" என்றேன். தெரியும். இந்தியில் பட்டென்று பதில் சொல்ல வந்ததே என்ற பெருமை வேறு.

பொட்டலத்தின் பின்பக்கம் சிறிய எழுத்தில் என்னென்ன இருக்கிறது என்று போட்டிருந்தது. அதைப் படிக்கும் படிப்பு எனக்கு உண்டு. நான் புள்ளியை மட்டும் பார்த்தேன்.

4

எங்கள் கீழ்த்தளத்தில் சபுரா அக்கா இருக்கிறார். சொந்த ஊர் மேலப்பாளையம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். டவுனிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம்தான், ஆனால் பிறந்ததிலிருந்து நான் மேலப்பாளையத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. இங்கே வந்து ஒரு மாடி இறங்கினால் மேலப்பாளையம். அவருடைய கணவருக்குத் தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை. நெருக்கடியான இடத்திலிருந்து கொஞ்சம் காற்றோட்டமாகப் போவோம் என்று இங்கே வந்தவர்கள். லிஃப்டில் முதல்முறை பார்த்தபோது நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, "ஏட்டி, நீ திருநவேலியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர்களுக்கும் இதே புரோக்கர்தான் முதலில் வீடு காட்டினாராம். "பேரக் கேட்டான். சொன்னோம். அதுக்கப்புறம் அவன் போன எடுக்கவே இல்ல" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு தெரிந்தவர் மூலமாக நேரடியாக இந்த வீட்டைப் பிடித்திருக்கிறார்கள். நான், "அப்படியாக்கா" என்றேன்.

யாழினி சாயங்காலமானால் மாவைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவாள். அங்கே அக்கா மீன் வெட்டும்போது ஒரு துண்டு சாளையை உப்பில்லாமல் அவித்து, முள்ளை எடுத்து மாவுக்கு வைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது. ஒருநாள் மாடிப்படியில் அவரே சொன்னார்.

"ஒம் மவளும் பூனையும் எங்க அடுப்படிய விட்டு எந்திரிக்க மாட்டேங்காவட்டி. அது மீன் திங்கிற அழகப் பாக்கணும். கண்ண மூடிக்கிட்டு திங்குது."

அன்றைக்கு யாழினியின் சட்டையை முகர்ந்து பார்த்தேன். மீன் வாடை.

"ஆன்ட்டி வீட்ல நான் ஒண்ணும் சாப்பிடல மம்மா. மாவு மட்டும்தான்."

"நீ சாப்பிட்டியான்னு நான் கேக்கலையே."

"கேக்கத்தானே போற" என்றாள்.

மறுநாள் கீழே போனேன். "அக்கா, டாக்டர் சொன்னாவ, அதுக்கு மீனு ஒத்துக்காதாம்" என்றேன். எந்த டாக்டரும் எதுவும் சொல்லவில்லை. மாவை அதுவரை ஊசி போடத் தவிர டாக்டரிடம் கொண்டுபோனதே இல்லை.

"பூனைக்கு மீனு ஒத்துக்காதாமா?" அக்கா சிரித்தார். என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சரிட்டி. டாக்டர் சொன்னாச் சரிதான்."

அதன்பிறகு லிஃப்டில் பார்த்தால், "சாப்ட்டாச்சா" என்பார். "ஆச்சுக்கா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு.

5

முதலில் கவனித்தது யாழினிதான். விளக்கு போடும் நேரத்தில் மாவு சோபாவில் ஏற முயன்று, தூரம் தெரியாமல் விழுந்தாள். கொஞ்ச நாள் கழித்து நாற்காலிக் காலில் முட்டிக்கொண்டாள். வெயிலில் உட்கார்ந்திருக்கும்போதும் கண்மணி பெரிதாகவே இருந்தது. "அழகா இருக்குல்லா" என்று நான் அதையும் போட்டோ எடுத்திருக்கிறேன்.

செம்பூரிலேயே ஒரு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இங்கே எந்தப் படிவத்திலும் குடும்பப் பெயர் இல்லாமல் விடமாட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் கணவர் ஆதாரில் அவருடைய அப்பா பெயரைத்தான் அந்த இடத்தில் போட்டிருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் அதைப் பார்த்து எழுதிக்கொண்டாள். எங்கள் முறை வந்ததும், நாய்களும் மனிதர்களும் நிறைந்த அந்த அறையில் சத்தமாகக் கூப்பிட்டாள்: "மாவு சங்கரலிங்கம்."

மரியாதைக்காக நான் வாயால் சொல்லாத என் மாமனாரின் பெயர். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அன்று கடைசியாகச் சிரித்தது அதுதான்.

டாக்டர் மராத்திக்காரப் பெண்மணி, என்னைவிடச் சில வயதே மூத்தவர். சின்ன விளக்கால் மாவின் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு மேஜையில் உட்கார்ந்து, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டுக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

"ப்யூர் வெஜ் ஹை, டாக்டர்" என்றேன்.

வீட்டுக்காரர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நான் பாராட்டை எதிர்பார்த்தேன் என்றே நினைக்கிறேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். யாழினி என் போனை வாங்கி அந்தப் பச்சைப் புள்ளிப் பொட்டலத்தின் படத்தைக் காட்டினாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது எதிர்த்துப் பேசியிருப்பேன். பொறுமையாகச் சொன்னார். நாய்க்குச் சரியாகத் தயாரித்த சைவத் தீனி கொடுத்துச் சமாளித்துவிடலாம். பூனையின் உடம்பு அப்படியல்ல. டாரின் என்று ஒரு சத்து உண்டு, பூனை அதைத் தன் உடம்பில் போதுமான அளவு செய்துகொள்ளாது. கறியிலும் மீனிலும் இருந்துதான் வரவேண்டும். வராவிட்டால் முதலில் கண், பிறகு இதயம்.

நான் புரியாமல் நிற்பதாக நினைத்து யாழினி தமிழில் சொன்னாள். "மம்மா, மாவு நான்வெஜ் சாப்பிட்டே ஆகணுமாம். அது அவளோட தப்பு இல்லையாம்."

கண்ணில் போனது போனதுதான், திரும்பி வராது என்றார் டாக்டர். மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றலாம். இதயத்தில் இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, மறுபடி வந்து ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அப்போது யாழினி டாக்டரைப் பார்த்து இந்தியில் கேட்டாள். கீழ்வீட்டு ஆன்ட்டி தினமும் மீன் கொடுத்தார்களே, அதைத் தொடர்ந்து தின்றிருந்தால்?

அது ஓரளவு காப்பாற்றியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். "ஏன் நிறுத்தினீர்கள்?"

யாழினி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "பதா நஹி" என்றாள். தெரியாது என்று.

அவளுக்குத் தெரியும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை எனக்காகப் பொய் சொன்னது. எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

டாக்டர் சொன்னதை ஊரில் பூனை வளர்ப்பவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன். பொட்டலத்தில் பூனைக்கு என்று போட்டிருக்க வேண்டும், அதுவும் முழுச் சாப்பாடு என்று. தின்பண்டம்போல் இடையில் கொடுப்பதை நம்பி இருக்கக்கூடாது. உள்ளடக்கத்தில் கறியோ மீனோ முதலில் வர வேண்டும், டாரின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய தீனியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும். பால் வேண்டாம். வெங்காயம், பூண்டு கலந்தது பூனை, நாய் இரண்டுக்குமே ஆகாது. கடைசியாக ஒன்று சொன்னார்: கண் மங்கிய பூனை நினைவை வைத்துத்தான் நடக்கும், அதனால் கிண்ணத்தையும் படுக்கையையும் இடம் மாற்றாதீர்கள்.

6

இதை எழுத எனக்குக் கை வரவில்லை. டாக்டர் சொன்ன கடைசி வாக்கியத்தைக் காதால் கேட்டுவிட்டு வந்து, நான் கிண்ணத்தை இடம் மாற்றினேன்.

மீன் சேர்ந்த தீனியை எப்படி அடுப்படியில் வைப்பது? பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் இடம் ஒதுக்கினேன். புதிதாக பிளாஸ்டிக் கிண்ணம், தனிக் கரண்டி, மூடி போட்ட டப்பா, கைக்கு உறை. பழைய எவர்சில்வர் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்து உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மாமியார் எங்களோடு இல்லை, அம்மா ஊரில் இருக்கிறாள், வீட்டுக்காரர் எங்கோ இருக்கிறார். நானாகத்தான் செய்தேன்.

என் கணவர் பால்கனியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு?" என்றார்.

"வேற எங்க வைக்க?"

"நான் ஆபீஸ்ல ஆம்லெட் திங்கேன்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"அப்போ எனக்கும் இங்கதான் எல போடுவியா?"

நான் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினேன். அவரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு எல்லாம் அப்படி லேசாக முடிந்துவிடும்.

மாவு பால்கனிக்கு வரவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கே கிண்ணம் இல்லை. வெறும் தரையை முகர்ந்துவிட்டு, சுவரைப் பார்த்துக் காத்திருந்தாள். தூக்கிக்கொண்டுபோய் பால்கனியில் விட்டேன். மெஷின் சத்தத்துக்கு மிரண்டு ஓடி, கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டாள். மறுநாளும் அதே கதைதான். தின்னாத பூனைக்கு எந்தத் தீனி வாங்கி என்ன?

"மம்மா, டாக்டர் சொன்னாங்கல்ல" என்றாள் யாழினி. திரும்பிப் போய் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்துவிட்டாள். ஊரில் இந்த வயதில் நாங்கள் அம்மாவோடு சண்டை போடுவோம். இவள் என்னோடு சண்டை போடுவதையே நிறுத்திவிட்டாள் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அந்த நேரத்தில்தான் புரோக்கரின் போன் வந்தது. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் என்று முதலில் சொன்னேனே, அப்போது.

7

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. மாவுக்குச் சபுரா அக்கா வீட்டு அடுப்படி பழகிய இடம். அங்கே கொண்டுபோய் விட்டால் தின்பாள். நல்ல யோசனை என்று நினைத்துப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கீழே போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைப் பற்றியும் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "டாக்டர் மாத்திச் சொல்லிட்டாவளோ?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ அன்னைக்குச் சொன்னப்பவே எனக்குத் தெரியும்ட்டி. எந்த ஊர்லட்டி பூனைக்கு மீனு ஒத்துக்காமப் போச்சு? சரி, புள்ள எங்கூட்டுல திங்கிறது ஒனக்குப் பிடிக்கலன்னு விட்டுட்டேன்."

"அவ ஒண்ணும் திங்கலக்கா."

"அது எனக்குத் தெரியும். ஒனக்குத்தான் தெரியல."

உள்ளே குக்கர் சத்தம் போட்டது. அக்கா போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"பூனையக் கொண்டா. எப்ப வேணும்னாலும் கொண்டா. வாயில்லா ஜீவன், அதுகிட்ட எனக்கு என்ன கோவம்? ஆனா ஒண்ணு கேக்கேன். இது பூனைக்காவக் கேக்கியா, ஒன் அடுப்படிக்காவக் கேக்கியா?"

பூனைக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். ஏற்கெனவே இந்த வாசலில் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

"அடுப்படிக்காவத்தான்க்கா."

"அதையாவது சொன்னியே" என்றார். பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வா, அது கண்ணப் பாப்போம்" என்று படியேறினார்.

எங்கள் வீட்டுக்கு அவர் முன்பு வந்திருக்கிறார், ஆனால் ஹால் வரைக்கும்தான். நான் எதுவும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. எப்படியோ இரண்டு பேருக்கும் அந்தக் கோடு தெரிந்திருந்தது. அன்றைக்கும் அடுப்படி நிலைக்கு வெளியிலேயே நின்று மாவைத் தேடினார். மாவு குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாங்கக்கா" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். கீழே குந்தி மாவின் தாடையைத் தூக்கிப் பார்த்தார். "எம்மா" என்றார், மெதுவாக. மாவு அவர் விரலை முகர்ந்து, அடையாளம் கண்டு, தலையால் முட்டினாள்.

நான் மேல்தட்டிலிருந்து அந்த எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்தேன். பழைய இடத்தில் வைத்தேன். இரண்டு நாளாக எதுவும் இறங்காத வயிறு என்று கொஞ்சம் சோறு பிசைந்து, அதில் பொட்டலத்தைப் பிரித்துக் கையாலேயே எடுத்துப் போட்டுக் கலந்தேன். உறை போட்டுக்கொள்ள வேண்டும் என்ற நினைவே வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்ததால் போடவில்லை. வாடை அடுப்படி முழுக்கப் பரவியது. எனக்குக் குமட்டியது, மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மாவு குனிந்தாள். தின்றாள். யாழினி வீட்டுப்பாடத்தை விட்டு ஓடி வந்து, சத்தமில்லாமல் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

போன் மறுபடி அடித்தது. புரோக்கர். கையெல்லாம் மீன் பசை. விரலால் தொட முடியாமல் திண்டாடினேன். யாழினி எழுந்து வந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ப்யூர் வெஜ் ஹை நா?" ஓனர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

யாழினி என்னைப் பார்த்தாள். டாக்டர் அறையில் பார்த்த அதே பார்வை.

என் ஓட்டை இந்தியில் சொன்னேன். வீட்டில் மூன்று பேர் சைவம். ஒரு பூனை இருக்கிறது. அது மீன் சாப்பிடும். இந்த அடுப்படியில்தான் சாப்பிடும். டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வீடு போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு அவர் சிரித்தார்.

"பில்லி? அரே மேடம், பில்லி சலேகா. பில்லி கா க்யா ஹை." பூனைதானே, பரவாயில்லை. அதற்கென்ன. ஓனரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் போட்டோ மட்டும் அனுப்புங்கள்.

"தேங்க்யூ ஜி" என்றேன். "பஹுத் தேங்க்யூ."

போன் அணைந்த பிறகுதான் நான் யார் முன்னால் யாருக்கு நன்றி சொன்னேன் என்று உறைத்தது. அக்கா இந்தி என்னைவிட நன்றாகப் பேசுவார். அந்தக் குரலும் அவருக்குத் தெரிந்த குரல்தான்.

"பூனைக்கு வீடு குடுத்துட்டானா?" என்று கேட்டார், மாவின் முதுகைத் தடவிக்கொண்டே.

"குடுத்துட்டான்க்கா."

"நல்ல மனுசன்."

அவர் குரலில் கோபம் இருந்ததா, கிண்டல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை. மாவு தின்று முடித்துவிட்டு வெறும் கிண்ணத்தை நக்கிக்கொண்டே தரையில் தள்ளிக்கொண்டு போனாள். யாழினி அதைப் பிடித்துப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தாள்.

"டீ போடுதியா, நான் கெளம்பட்டா?" என்றார் அக்கா. "போட்டா சீனி கம்மியாப் போடு."

கையை சோப்புப் போட்டுக் கழுவினேன். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு இஞ்சி தட்டினேன். இரண்டு கப் டீக்கு அவ்வளவு நேரம் தட்டத் தேவையில்லை.